காது வைக்கும் பக்கம்

வாங்கி நாலு மாதம்கூட ஆகாத போன் பட்டென்று உயிரை விட்டதிலேயே தையற்காரிக்கு ஆத்திரம். வாரண்டியும் செல்லாது என்று சர்வீஸ் சென்டர்க்காரன் சொன்னதும் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“உள்ள தண்ணி போயிருக்கு, மேடம். அதுவும் உப்புத் தண்ணி. கடல்ல போட்டீங்களா?”

“கடலா? இந்த ஊர்ல கடல் எங்கய்யா இருக்கு? நான் அதை நேர்ல பாத்ததே இல்ல. கப்பல்ல வேலை செய்யிற என் வீட்டுக்காரர் நேத்துக் காலையில பேசிக்கிட்டு இருந்தார். நான் தையல் மெஷின் முன்னாடி உக்காந்து கேட்டுக்கிட்டு இருந்தேன். பாதிப் பேச்சுல அணைஞ்சுபோச்சு. யார் காதுல பூ சுத்துறீங்க?”

அவன் போனை ஒரு தட்டின் மேல் கவிழ்த்தான். சார்ஜர் செருகும் ஓட்டை உலர்ந்து கிடந்தது. காதை வைத்துக் கேட்கும் துளையிலிருந்து மட்டும் தண்ணீர் சொட்டியது. நிற்கவில்லை.

“இதுவும் உங்க சித்து வேலைதான்! அவர் ஊருக்கு வரட்டும், உங்களை உண்டு இல்லைன்னு ஆக்கிடுவார்!” என்று கவுன்டரில் ஓங்கித் தட்டினாள்.

தட்டு நிரம்பி வழிந்தது. அவன் இரண்டாவது தட்டை எடுத்து வைத்தான்.