எல்லாரும் அக்கா

"இது யாரு, சொல்லு பார்ப்போம்?" என்று என்னைக் காட்டிக் கேட்டார் குழந்தைகள் நலக் குழுத் தலைவி.

"அக்கா" என்றாள் பாப்பா.

அப்பாடா என்றிருந்தது எனக்கு. காலையில் தலை வாரிவிடும்போது படித்துப் படித்துச் சொல்லிக்கொடுத்தது அது. மூன்று வயதுப் பிள்ளை. பிஸ்கட் கிடைத்தால் யார் பின்னாலும் போகிற ரகம். ஆனாலும் கெட்டிக்காரி, பிசகாமல் சொல்லிவிட்டாள்.

இதற்குத்தான் வந்திருந்தோம். அம்மா ஆஸ்பத்திரியிலேயே போய்விட்ட அன்று, பக்கத்து வீட்டுக்காரர்கள் பாப்பாவைக் கொண்டுவந்து ஹோமில் விட்டார்கள். அம்மாவோடு இருந்த என்னை ஆஸ்பத்திரியிலிருந்து வேறு யாரோ மறுநாள் அழைத்துவந்தார்கள். ஆளுக்கொரு ஃபைல் போட்டார்கள். நாங்கள் கூடப் பிறந்தவர்கள் என்று எதிலும் எழுதவில்லை. அது ஆகிவிட்டது ஒரு வருஷத்துக்கு மேல். இப்போது பாப்பாவை மட்டும் தத்துக் கேட்டு ஒரு புருஷன் பெண்டாட்டி வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

"கூடப் பொறந்தவங்களைப் பிரிக்கக் கூடாதுன்னு சட்டமே இருக்கு. நீ ஏன் பயப்படுற?" என்று தைரியம் சொல்லி என்னைக் கூட்டிவந்தவர் வார்டன் அக்கா.

அவர் சொன்னால் சொன்னதுதான். நான் ஹோமுக்குள் நுழைந்தபோது பாப்பா ஓடிவந்து என் காலைக் கட்டிக்கொண்டதைப் பார்த்தவர் அவர். ரெண்டு பேருக்கும் ஒரே மூக்கு, பெத்தவ ஒரே அச்சுல வார்த்திருக்கா என்று அன்றைக்கே கிண்டலடித்தவர். எனக்குக் காய்ச்சல் வந்தால் கஞ்சி ஊட்டுகிறவர். அவரை நம்பாமல் வேறு யாரை நம்புவது?

தலைவி விடவில்லை. வார்டன் அக்காவைக் காட்டி, "அப்போ இது?" என்றார்.

"அக்கா."

ஹோமில் அப்படித்தான். அம்மா என்று யாராவது வாயைத் திறந்தால் ஒரு பிள்ளை அழும். அதைப் பார்த்து வரிசையாக எல்லாம் அழும். அதனால் அந்த வார்த்தையே கூடாது என்பது வார்டன் அக்கா வைத்த சட்டம். சமைப்பவர் அக்கா, பெருக்குபவர் அக்கா, ஊசி போட வருகிறவரும் அக்கா. பாப்பா பேசப் பழகியதே அங்கேதான்.

அவளுக்கு இது விளையாட்டாகிவிட்டது. தலைவியைக் கைகாட்டி "அக்கா" என்றாள். அறுபதைத் தொடுகிற தலைவிக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. மூலையில் டைப் அடித்துக்கொண்டிருந்த மீசைக்காரரையும் பாப்பா விட்டுவைக்கவில்லை. அவரும் அக்கா.

அறையே விழுந்து விழுந்து சிரித்தது.

அவங்க எல்லாம் பேருக்கு அக்கா மேடம், நான்தான் நெஜ அக்கா என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை.

இங்கே வருகிற பிள்ளைகள் எல்லாம் இதைத்தான் சொல்லும், ஒட்டிக்கொண்டதை விட மனசு வராது என்று தலைவி பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார். என்னை வைத்துக்கொண்டே சொன்னார்.

ஆனாலும் நல்ல மனுஷிதான். பேனாவைக் கீழே வைத்துவிட்டு வார்டன் அக்கா பக்கம் திரும்பினார்.

"கூடவே இருக்கிறவங்க நீங்க. நீங்களே சொல்லுங்க. கொஞ்சம் சந்தேகம்னாலும் ரத்தப் பரிசோதனைக்கு எழுதிடறேன், அதுவரைக்கும் சின்னவ எங்கயும் போக வேண்டாம்."

எனக்குப் போன உயிர் வந்தது. அந்த மூக்கு விஷயத்தைச் சொன்னால் போதும். மறந்திருந்தால் ஞாபகம் வரட்டும் என்று என் மூக்கை நானே தொட்டுக் காட்டினேன்.

வார்டன் அக்கா என்னைப் பக்கத்தில் இழுத்துத் தலையை வருடினார்.

"எங்க ஹோம்ல எல்லாருமே அக்கா தங்கச்சிதான் மேடம்."

சொல்லிவிட்டுச் சிரித்தார். தலைவியும் சிரித்துக்கொண்டே பேனாவை எடுத்தார்.

அதில் ஒரு வார்த்தை பொய்யில்லை. அதுதான் வயிற்றெரிச்சல். இல்லை என்று சொல்லியிருந்தால் கத்தியிருப்பேன், தரையில் விழுந்து புரண்டிருப்பேன். இதற்கு என்னவென்று பதில் சொல்வது? பாவி, என் தலையிலிருந்து கையைக்கூட எடுக்கவில்லை.

அப்போதும் எனக்கு அவரை விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை. தலைவியிடம் பயமாக இருக்கும், வேலை போய்விடும் என்று நினைத்திருப்பார் என்று அவருக்காக நானே காரணம் தேடினேன்.

கதவைத் திறந்ததும் பெஞ்சில் இருந்த பெண் ஓடிவந்து பாப்பாவை வாரி இடுப்பில் வைத்துக்கொண்டார். அவர் புருஷன் குனிந்து புதுச் செருப்பை மாட்டிவிட்டார். அளவெடுத்தது மாதிரி பொருந்தியது. பாப்பா என் பக்கம் கையை நீட்டினாள். எட்டவில்லை.

அந்தப் பெண் அழுதுகொண்டே வார்டன் அக்காவின் தோளில் சாய்ந்தார். ஹோமில் சமையற்காரர்கூட வார்டன் அக்காவை நீங்க என்றுதான் சொல்வார்.

"அக்கா, அம்மாவுக்கு நீயே ஃபோன் பண்ணிச் சொல்லிடு" என்றார் அந்தப் பெண். "பேத்தி வந்தாச்சுன்னு."