'போ'வுக்கும் 'காதே'வுக்கும் நடுவில்

"அந்தப் 'போ'வுக்கு அப்புறம் மனசுக்குள்ள என்னதான்க்கா நினைப்பீங்க? அதைச் சொல்லாம நான் இங்கேர்ந்து நகர மாட்டேன்."

நனைந்த குடையைக் கதவோரம் சாத்திவிட்டு, வந்த வேகத்திலேயே கேட்டாள் ஒல்லி. அந்தப் பட்டப்பெயர் வைத்த காலத்தில் அவள் நிஜமாகவே ஒல்லிதான். இப்போது பெயரில் மட்டும் ஒல்லி.

மாவுக்கட்டுப் போட்ட காலை முக்காலியில் நீட்டி உட்கார்ந்திருந்தாள் மைனா. ஊரே கொண்டாடும் இசை நாடக நடிகை. போன வாரம் மேடைப் படியில் வழுக்கி விழுந்தாள், அவளுடைய வேஷம் ஒல்லிக்கு வந்தது.

"முதல்ல உக்காருடி. நேத்து நாடகம் எப்படிப் போச்சு?"

"மானம் போச்சு."

அந்த நாடகத்தின் உயிரே கடைசிப் பாட்டுதான். கணவன் பெட்டியும் கையுமாக வாசலில் நிற்பான், மனைவி பாடுவாள். பாட்டின் கடைசிச் சொல் 'போகாதே'. மைனா அதில் 'போ' என்று மட்டும் பாடிவிட்டு நிறுத்திவிடுவாள். வாத்தியங்களும் நின்றுவிடும். அடிப்பாவி, போகச் சொல்லிவிட்டாளே என்று அரங்கமே திகைத்துப் போய்க் கிடக்கும். அப்புறம் மெல்ல, '...காதே'. கைதட்டலில் கூரை பிய்த்துக்கொள்ளும். அந்த ஒரு இடைவெளியைப் பற்றிப் பத்திரிகைக்காரர்கள் பக்கம் பக்கமாக எழுதித் தள்ளியிருக்கிறார்கள்.

"நானும் 'போ'ன்னுட்டு நின்னேன்க்கா. பின்வரிசையிலேர்ந்து ஒருத்தன், 'சீக்கிரம் முடிவெடும்மா, கடைசி பஸ் போயிடும்'னு கத்தறான். அவ்வளவு பேரும் சிரிக்கிறாங்க."

மைனா சிரிப்பை அடக்கப் பார்த்தாள், முடியவில்லை.

"சிரிங்க, நல்லா சிரிங்க. இன்னிக்கும் இப்படின்னா நாளைக்கு வேற பொண்ணாம். டைரக்டர் மூஞ்சிக்கு நேரா சொல்லிட்டார். இத்தனை வருஷம் கூட்டத்தோட கூட்டமா கோரஸ் பாடிட்டு, இப்பதான் முன்னாடி வந்து நின்னேன்." ஒல்லிக்குக் கண் கலங்கிவிட்டது.

அப்போது மைனாவின் கணவர் டீ கொண்டுவந்து வைத்தார்.

"நல்லா இருக்கீங்களா மாமா?"

அவர் தலையை ஆட்டினார். அரைச் சிரிப்பு சிரித்தார். சமையலறைக்கே திரும்பிப் போய்விட்டார்.

ஒல்லி குரலைத் தாழ்த்தினாள். "மாமாவுக்கு என் மேல கோபமா? கதவைத் திறந்தப்பவும் ஒரு வார்த்தை பேசலை. உங்க வேஷத்தை நான் தட்டிக்கிட்டேன்னு நினைக்கிறாரோ?"

"சீ, அவர் சுபாவமே அப்படி. அவருக்கும் சேர்த்துத்தான் நான் பேசறேனே."

அது என்னவோ வாஸ்தவம். மைனா என்று பேர் வந்ததே வாய் ஓயாததால்தான்.

"சரி, விஷயத்துக்கு வாங்க. நானும் எதையும் விடலை. மனசுக்குள்ள எண்ணிப் பார்த்தேன், மூச்சைப் பிடிச்சுப் பார்த்தேன், செத்துப்போன எங்கப்பாவைக்கூட நினைச்சுப் பார்த்தேன். ஒண்ணும் எடுபடலை. நீங்க அந்த இடத்துல என்ன பண்றீங்க?"

மைனா டீ தம்ளரைக் கீழே வைத்தாள்.

"யார்கிட்டயும் சொன்னதில்லை. முதல் நாள் எனக்கு அந்த வரி மறந்து போச்சு."

"என்னது!"

"சுத்தமா மறந்து போச்சு. அப்பல்லாம் பக்கத்திரைக்குப் பின்னாடி நின்னு வரி எடுத்துக் குடுக்க ஆள் உண்டு. அங்கேர்ந்து 'போ'ன்னு வந்துச்சு, பாடிட்டேன். மிச்சம் வரணுமே! நின்னேன். அப்புறம் 'காதே' வந்துச்சு, அதையும் பாடினேன். பார்த்தா, ஜனங்க எழுந்து நின்னு தட்டறாங்க."

"அது முதல் நாள். மறுநாளுமா மறந்துச்சு?"

"மறுநாள் நல்லா ஞாபகம் இருந்துச்சு. இருந்தாலும் காத்துக்கிட்டு நின்னேன். நான் முந்திக்கிட்டா நல்லா இருக்காதுன்னு தோணிச்சு. இப்ப அங்க ஆளே கிடையாது. ஆனாலும் திரைப் பக்கம் பார்த்துக் காத்துக்கிட்டுத்தான் நிக்கிறேன்."

"எதுக்கு?"

"மிச்சத்துக்கு."

ஒல்லிக்குச் சுர்ரென்று ஏறியது. யாருக்குத்தான் தன் கைதட்டலை இன்னொருத்திக்குத் தூக்கிக் கொடுக்க மனசு வரும்!

"கதை விடாதீங்கக்கா. சொல்ல இஷ்டமில்லைன்னா இல்லைன்னு சொல்லிடுங்க. நான் வரேன்."

செருப்பை மாட்டிக்கொண்டு விறுவிறுவென்று மாடிப்படியில் இறங்கினாள். பின்னால் யாரோ ஓடி வரும் சத்தம் கேட்டது. மைனாவின் கணவர்.

"போ..." என்றார்.

ஒல்லி விக்கித்துப் போனாள். வீடு தேடி வந்தவளை, அதுவும் ஒருமையில்! இவ்வளவு நேரம் வாயே திறக்காத மனிதர், திறந்தது விரட்டுவதற்குத்தானா? நாலு கேள்வி கேட்டுவிடுவது என்று திரும்பினாள்.

அவர் கண்களை இறுக மூடிக்கொண்டிருந்தார். கழுத்து நரம்பு புடைத்திருந்தது. உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. ஒல்லி கேட்க வந்ததை மறந்து, தன்னையறியாமல் மூச்சைப் பிடித்தபடி அவர் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"...காதீங்க" என்றார் ஒருவழியாக, அவள் விட்டுவிட்டு வந்த குடையை நீட்டியபடி.

உள்ளேயிருந்து மைனா கத்தினாள். "இன்னிக்கு அவரையும் கூட்டிட்டுப் போய்த் திரைக்குப் பின்னாடி நிறுத்திக்கடி! அந்தக் காலத்துல எனக்கு வரி எடுத்துக் குடுத்தவரே அவர்தான்!"