மீனவன் மகளிடம் சில கேள்விகள்

சனிக்கிழமை, மதியம் மூன்றேகால். எட்டாம் வகுப்பில் பெஞ்சுகளை ஓரம் தள்ளி, நடுவில் ஒரே ஒரு நாற்காலி போட்டிருக்கிறார்கள். ஆங்கில இலக்கிய மன்றத்தின் விளையாட்டு இது: நாற்காலியில் உட்காருகிறவர் கதையில் வரும் ஆளாக மாறிவிட வேண்டும், மற்றவர்கள் கேட்பதற்கு ஆங்கிலத்திலேயே பதில் சொல்ல வேண்டும். இன்றைய கதையில் ஒரு மீனவன் கடலுக்குப் போய்த் திரும்பவில்லை. அவன் மகளாக டெபோரா உட்கார்ந்திருக்கிறாள். நவ்ரீன் டீச்சரின் பச்சைத் துப்பட்டா அவள் தலையில் முக்காடாகக் கிடக்கிறது. துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகளால் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்துகொண்டே இருக்கிறது. “வாட் இஸ் யுவர் ஃபாதர்ஸ் நேம்?” என்கிறான் ஒவைஸ். “அருள்நாதன்.” வகுப்பு சிரிக்கிறது. “தப்பு மிஸ், கதைல வேற பேரு. இவ தன் நைனா பேர சொல்றா,” என்கிறது ஒரு குரல். நவ்ரீனும் சிரித்துக்கொண்டே திருத்தப் போகிறாள். டெபோராவின் தெருக்காரி ஹெப்சிபா டீச்சரின் காதருகே வருகிறாள். “மிஸ், புயலுக்கு முன்னாடி அவங்க நைனா கடலுக்குப் போன போட் இன்னும் காசிமேட்டுக் கரைக்கு வர்ல மிஸ். தேடிக்கினு கீறாங்க.” நவ்ரீனின் சிரிப்பு எங்கே போவதென்று தெரியாமல் முகத்திலேயே நிற்கிறது. “போதும், எழுந்து வாம்மா,” என்கிறாள். டெபோரா எழுந்திருக்கவில்லை. துப்பட்டாவின் நுனியை விரலில் சுற்றிச் சுற்றி இறுக்குகிறாள், விரல் வெளுத்துப்போகிறது. எதுவும் காதில் விழாத ஒவைஸ் அடுத்த கேள்வியைக் கேட்டுவிடுகிறான். “வில் ஹீ கம் பேக்?” டெபோரா டீச்சரைப் பார்க்கிறாள். “மிஸ், இத்தயும் இங்கிலீஷ்லதான் சொல்லணுமா?”