பாதி மருந்து

"வேணும்னேதான் செஞ்சிருக்கா. அம்புட்டும் வயித்தெரிச்சல்!"

சொர்ணலட்சுமி போட்ட சத்தம் தெருமுனை வரைக்கும் கேட்டிருக்கும். பெரிய கண்ணாடித் தொட்டிக்குள் லோச் மீன்கள் அத்தனையும் வாயைப் பிளந்துகொண்டு செத்துக் கிடந்தன. ஆரஞ்சு உடம்பில் கறுப்புப் பட்டை போட்ட மீன்கள். அவள் வீட்டுக்காரர் பெற்ற பிள்ளை மாதிரி வளர்த்தவை. பக்கத்தில் காலி மருந்துப் பாட்டிலும் கையுமாக நின்றாள் வேலைக்காரி பொன்மணி.

வயித்தெரிச்சல் என்று சொன்னதற்கும் காரணம் இல்லாமல் இல்லை.

அன்றைக்குக் காலையில்தான் பொன்மணி முதலாளி சீனிவாசகத்தின் முன்னால் போய்க் கையைப் பிசைந்துகொண்டு நின்றாள். காதில் சொருகியிருந்த மொச்சைக்கொட்டை அளவு போனை ஒரு தட்டுத் தட்டிவிட்டு, "என்ன பொன்மணி?" என்றார்.

"மொதலாளி, எம் மக சினேகாவப் பாக்கெட் போடுற பக்கம் மாத்தி விடுங்க. நாலு பேரு இருக்க வேண்டிய ரூமுல எட்டுப் பேரு உக்காந்திருக்காகளாம். அவ வீடு திரும்புற வரைக்கும் எனக்கு ஒரு வாய் சோறு எறங்க மாட்டேங்குது."

சினேகாவுக்கு அவருடைய பட்டாசுக் கம்பெனியில், வெடிக்குள் மருந்து செலுத்துகிற ரூமில் வேலை. பொன்மணியும் அதே வேலை பார்த்தவள்தான். ஒருநாள் தீ தொட்டுவிட்டுப் போனதில் இடது கைத் தோல் முழங்கை வரைக்கும் சுருண்டு போனது. அதற்கப்புறம்தான் இந்த வீட்டுக்குப் பாத்திரம் கழுவ வந்தாள்.

"தீவாளி ஆர்டர் தலைக்கு மேல நிக்குது. இப்பம் போயி ஆள மாத்துன்னா எப்பிடி? சீசன் முடியட்டும், பாப்போம்."

அவ்வளவுதான் பேச்சு. அப்படியே மீன் தொட்டிப் பக்கம் திரும்பிக்கொண்டார். மனுசனுக்குக் கொஞ்ச நாளாக அந்தக் கவலைதான் பெருங்கவலை. மீன் மேலெல்லாம் உப்பைத் தூவின மாதிரி வெள்ளைப் புள்ளி. ஏதோ ஒட்டுண்ணியாம். மதுரை மீன் கடைக்காரர் மருந்தைக் கொடுத்து ஆயிரம் பத்தியமும் சொல்லி அனுப்பியிருந்தார்.

"நல்லாக் கேட்டுக்க பொன்மணி. இது மத்த மீனு மாதிரி இல்ல. மேல செதில் கெடையாது. மருந்து நேரா உடம்புக்குள்ள எறங்கிரும். பாட்டில்ல போட்டிருக்க அளவுல பாதிதான் ஊத்தணும், அதையும் கொஞ்சங் கொஞ்சமா. தண்ணிச் சூட்டையும் மெல்லத்தான் ஏத்தணும். நெருக்கியடிச்சுக் கெடந்தா மூச்சு முட்டிரும்னுதான் பாதி மீனை அந்தச் சின்னத் தொட்டிக்கு மாத்தியிருக்கேன். வாயில்லாச் சீவன். நாமதான பாத்துக்கிடணும்?"

சொல்லிக்கொண்டே தொட்டிக் கண்ணாடியை மெல்லத் தடவிக் கொடுத்தார். எம்புட்டு எரக்க கொணம் என்று பொன்மணி உருகிப் போனாள். மீனுக்கே இந்தப் பாடு படுகிறவர், சீசன் முடிந்ததும் நம்ம பிள்ளையைக் கட்டாயம் மாற்றி விடுவார் என்று மனதைத் தேற்றிக்கொண்டாள்.

மத்தியானம் மருந்தும் கையுமாகத் தொட்டிக்கு வந்தாள். முதலாளி முதுகைக் காட்டிக்கொண்டு ஜன்னலோரம் நின்றார்.

"மொதலாளி, மருந்து பாதிதான போடணும்?"

திரும்பாமலே சொன்னார். "பாதி பாதியால்லாம் வேண்டாம். மொத்தத்தையும் ஒரே தடவையாப் போடு."

"மொத்தத்தையுமா?"

"சூடு கூடுனாக் கூடட்டும். ஒண்ணும் ஆகாது, நான் பாத்துக்கிடுதேன். சொன்னதச் செய்."

முதலாளி வார்த்தைக்கு மறுவார்த்தை பேசிப் பொன்மணிக்குப் பழக்கமில்லை. மதுரைக்காரர் மறுபடி பேசி மாற்றிச் சொல்லியிருப்பார் போல என்று நினைத்துக்கொண்டாள். பாட்டிலை அப்படியே கவிழ்த்தாள். தண்ணீரைச் சூடாக்குகிற ஹீட்டரையும் கடைசி வரைக்கும் திருகி விட்டாள். அடுப்படி வேலையை முடித்துவிட்டு வந்து பார்த்தால் இந்தக் கோலம்.

மனைவி போட்ட சத்தத்தில் மாடியிலிருந்து ஓடி வந்தார் சீனிவாசகம். தொட்டிக்குள் கையை விட்டு ஒரு மீனை உள்ளங்கையில் ஏந்தினார். கண் கலங்கிவிட்டது.

"அடி கூறுகெட்டவளே! படிச்சுப் படிச்சுச் சொன்னேனே! செதில் இல்லாத உசுரு இம்புட்டு மருந்தத் தாங்குமா?"

"அதெல்லாம் தெரிஞ்சுதாங்க செஞ்சிருக்கா" என்றாள் சொர்ணலட்சுமி. "மகள மாத்தித் தரலேல்ல? பழி தீத்துட்டா பாவி. போலீசக் கூப்பிடுங்க."

பொன்மணிக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"எம் பிள்ள மேல சத்தியமா இல்லம்மா! மொதலாளிதான் சொன்னாக. இந்தச் சன்னலுகிட்ட நின்னுக்கிட்டு, பாதி பாதியா வேண்டாம், மொத்தத்தையும் ஒரே தடவையாப் போடு, சூடு கூடுனாக் கூடட்டும், ஒண்ணும் ஆகாதுன்னு..."

"நானா? நான் எப்பம்..."

பாதியில் நிறுத்தினார். பிறகு பட்டென்று தலையில் அடித்துக்கொண்டார்.

"அட மூதி! அது ஒங்கிட்டச் சொன்னதா? காதுல போன் இருந்தது கண்ணுக்குத் தெரியலையா? கம்பெனில போர்மேன்கிட்டச் சொல்லிக்கிட்டிருந்தேன். மருந்து ரூமுக்கு!"



பொன்மணி பாட்டிலைக் கீழே வைத்தாள். சுருண்ட கையையும் நல்ல கையையும் சேர்த்துக் கும்பிட்டாள்.

"இப்பமே ஒரு போன் போட்டு, அங்கனயும் பாதிதான்னு சொல்லிருங்க மொதலாளி. எம் மகளுக்கும் செதில் கெடையாது."