எதிர் சீட்டு அம்மா

செங்கோட்டையைத் தாண்டி ரயில் மலை ஏறத் தொடங்கியதும் நாகஜோதி ஜன்னலோடு ஒட்டிக்கொண்டாள். ஆர்.எஸ்.மங்கலத்துக் கண்மாய்க்கரைதான் அதுவரை அவள் பார்த்திருந்த பெரிய மேடு.

“அய்யா, அங்கன பாருங்க, அருவி!”

“நல்லாப் பாத்துக்க” என்று மகளிடம் சொல்லிவிட்டு தங்கப்பாண்டி டீக்காரரைத் தேடிப் போனார்.

எதிர் சீட்டு அம்மா முறுக்கை நீட்டினாள். “மலைக்கு மொத தடவையா தாயி?”

“ஆமாம்மா. பன்னெண்டாவது பாஸாயிட்டேன்ல, அதுக்குத்தான் அய்யா கூட்டியாந்தாக. திங்கக்கிழமை நர்ஸிங் காலேஜில சேரப் போறேன்.”

“கல்யாணம் கில்யாணம்?”

நாலு பேர் முன்னால் வாய் திறக்காதவள், இனிப் பார்க்கவே போகாத முகம்தானே என்ற தைரியத்தில் கொட்டிவிட்டாள். “பேச்செடுத்தா சோறு திங்க மாட்டேன்னுட்டேன். மூணு நாள் பட்டினி கெடந்தேன்ல! இப்ப வீட்ல ஒருத்தரும் மூச்சு விடுறதில்ல.”

அந்த அம்மா விழுந்து விழுந்து சிரித்தாள்.

டீயோடு திரும்பிய தங்கப்பாண்டி முதல் கப்பை அந்த அம்மாவிடம் கொடுத்தார்.

“என்ன தங்கச்சி, பொண்ணு புடிச்சிருக்கா?”

நாகஜோதி கடித்த முறுக்கை ஜன்னல் ஓரத்தில் வைத்துவிட்டாள்.

“ரொம்பப் புடிச்சிருக்குண்ணே. புள்ளைக்கு மனசுல உள்ளதை ஒளிக்கத் தெரியல” என்றபடி அந்த அம்மா பையிலிருந்து மல்லிகைச் சரத்தை எடுத்தாள். நாகஜோதி தலையை இழுத்துக்கொள்வதற்குள் பூ வைத்தாகிவிட்டது.