பொட்டில்லாத படம்

"நான்தான் பிரேமலாவோட வீட்டுக்காரர், ஹேமநாதன்" என்று அவர் கை நீட்டியபோது, துணி சுற்றிய படம் என் கக்கத்தில் இருந்தது.

கையைக் குலுக்கினேன். சூடாகத்தான் இருந்தது.

அவரை நான் ஒரு மாதத்துக்கு முன்பே மனசுக்குள் அடக்கம் செய்துவிட்டிருந்தேன்.

மலேசியாவின் தங்காக் ஊரில் துணிக்கடைக்குப் பஞ்சமில்லை. அதில் ஒன்றை நடத்துகிற பிரேமலா அக்கா போன மாதம் போனில் கூப்பிட்டார். கல்லாவுக்குப் பின்னால் மாட்ட அவருடைய முகத்தைப் பெரிதாக வரைந்து தர வேண்டுமாம். ஒரு போட்டோவும் அனுப்பினார். நெற்றியில் பெரிய குங்குமப் பொட்டு, தலை நிறையப் பூ, கழுத்தில் தாலிக்கொடி.

"பொட்டு, பூ, தாலி மூணும் வேணாம். மத்ததெல்லாம் அப்படியே இருக்கட்டும்" என்றார்.

எங்கள் வீட்டில் அம்மா கெர்ட்ரூட் முதல் அத்தைமார் வரை யாரும் பொட்டு வைப்பதில்லை. நாங்கள் மாதா கோயில்காரர்கள். ஆனாலும் ஓர் இந்துப் பெண் இந்த மூன்றையும் எடுக்கச் சொன்னால் என்ன அர்த்தம் என்று தெரியாத அளவுக்கு நான் மடையன் இல்லை. பாவம், புருஷன் போய்விட்டார் போல என்று நினைத்துக்கொண்டேன். துக்கத்தில் இருப்பவரைத் துருவக் கூடாது என்று சொல்லி வளர்க்கப்பட்டவன், அதனால் எதுவும் கேட்கவில்லை.

கேட்காததற்கு இன்னொரு காரணமும் உண்டு. நான் சொன்ன மூவாயிரம் வெள்ளிக் கூலியை அக்கா அன்றைக்கே அனுப்பிவிட்டார். பத்து வருஷமாக என் தூரிகைக்குக் கிடைத்ததெல்லாம் 'நல்லா பேரு கிடைக்கும் லா தம்பி' என்ற வாழ்த்தும் ஒரு பொட்டலம் பிரியாணியும்தான்.

கூலி மட்டுமா இல்லை? எதை வரைவது என்றே தெரியாமல் கிடந்தேன். குனோங் லேடாங் மலையை எத்தனை தடவைதான் வரைவது? கல்யாண மண்டபத்துக்கு மயில், காப்பிக் கடைக்குப் பூனை. எல்லாமே வேறு யாரோ வரைந்த மாதிரி இருந்தன.

அந்த வெறும் நெற்றிதான் எனக்கு வழி காட்டியது.

நாலு நாள் அதை மட்டுமே வரைந்தேன். ஒரு மனுஷியின் நெற்றியில் இத்தனை நிறம் இருக்கும் என்று அதுவரை எனக்குத் தெரியாது. இனி முகங்கள்தான், அதுவும் இப்படி ஒன்றும் இல்லாத முகங்கள்தான் என்று முடிவே செய்துவிட்டேன். ஆள் அனுப்பி எடுத்துக்கொள்கிறேன் என்று அக்கா சொல்லியும், அவர் முகம் மலர்வதைப் பார்க்கும் ஆசையில் நானே பஸ் ஏறி வந்துவிட்டேன்.

வந்த இடத்தில் இவர்.

சட்டை தோளில் தொங்கியது. இடுப்பு பெல்ட்டில் புதிதாக இரண்டு ஓட்டை போட்டிருந்தார்.

"மூணு மாசமா வயிறு சரியில்ல தம்பி. டாக்டருக்கே பிடிபடல. கடை என் பேருல இருக்கே தவிர, எல்லாம் பாத்துக்கிறது அவதான். மூணு வேளையும் அவ கையால கஷாயம் குடிக்கிறேன், அதுலதான் நடமாடுறேன்."

சொல்லிக்கொண்டே படத்தின் துணியைப் பிடித்து இழுத்தார்.

"பெயிண்ட் காயல, தொடாதீங்க." பின்கட்டிலிருந்து பிரேமலா அக்கா வந்தார். நெற்றியில் அந்தப் பெரிய பொட்டு. கையிலிருந்த குவளையைக் கணவர் முன்னால் வைத்தார். "ஆறுறதுக்குள்ள குடிங்க."

படத்தை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டு உள்ளே போனார். வா என்று கண்ணாலேயே கூப்பிட்டார்.

சேலைக் கட்டுகளுக்கு நடுவில் நின்று துணியைப் பிரித்தார். வெகுநேரம் பார்த்தார்.

"நல்லாத்தான் இருப்பேன்" என்றார்.

"அக்கா, அண்ணன்தான் இருக்காரே..."

"பொட்டோட வரைஞ்சா, அப்புறம் மறுபடியும் வரையணும். ஒரு சுவத்துக்கு எதுக்கு ரெண்டு செலவு?"

சேலைக்கு ரவிக்கைத் துணி எடுத்துக் காட்டுகிற அதே குரல்.

இரண்டு தெரு தள்ளி போலீஸ் ஸ்டேஷன். நினைத்தேன், சத்தியமாக நினைத்தேன். கால்தான் நகரவில்லை.

"அவர் படமும் ஒண்ணு வேணும் யூஜின். இதே அளவு. ஐயாயிரம் தரேன். உங்க கைக்கு அதுதான் நியாயமான விலை. இதுவரைக்கும் யாரும் அப்படிக் கொடுத்ததில்ல, இல்லையா?"

என் வேலைக்கு ஒரு நியாயமான விலை உண்டு என்று அதுவரை என்னிடம் யாரும் சொன்னதில்லை. அந்த ஒரு வார்த்தைக்கு எனக்குக் கண் கலங்கிவிட்டது. சொல்லவே வெட்கமாக இருக்கிறது.

வெளியே வந்தேன். ஹேமநாதன் அண்ணன் குவளையில் பாதியைக் குடித்திருந்தார். நான் போனை எடுத்து அவர் முகத்துக்கு நேராகப் பிடித்தேன்.

"உங்களையும் வரையச் சொல்லியிருக்காங்க அண்ணே."

அவர் கூச்சத்தோடு உதட்டைத் துடைத்துக்கொண்டார். தலைமுடியைக் கையால் படிய வைத்தார்.

"இந்த இளைச்ச மூஞ்சியையா? அலமாக்! உடம்பு கொஞ்சம் தேறட்டும் தம்பி, அப்புறம் எடுக்கலாம் லா."

"இல்லண்ணே" என்றேன். "இப்பவே எடுத்துடுவோம்."