சந்தைக்குப் போன ஆடு

"சார், அந்தப் பக்கம் வேணாம். பிள்ளைக பழகாத வேற பக்கமாத் திருப்பிக் குடுங்க."

சொல்லிவிட்டாள். எதைச் சொல்லாதே, சொல்லாதே என்று தலைமையாசிரியர் அருள்நாதன் பத்து நாளாகக் கெஞ்சினாரோ, அதையே மூன்றாம் வகுப்பு ஆசிரியை கனகா, வாசிப்புத் திறன் பார்க்க வந்த அதிகாரியின் முகத்துக்கு நேராகப் போட்டு உடைத்துவிட்டாள்.

அருள்நாதன் சிரித்தார். சிரித்த வாயை மூட மறந்துபோனார்.

அதிகாரி மதியழகன் ஒட்டன்சத்திரத்துக்காரர். செல்போனில் ஒரு நிமிடக் கடிகாரத்தை ஓடவிட்டு, ஒவ்வொரு பிள்ளையாக வாசிக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டிருந்தார். இதுவரை எழுந்த மூன்று பேரும் சந்தைக்குப் போன ஆட்டின் கதையைத் தண்ணீர்பட்ட பாடாக வாசித்துப் பச்சைக் குறி வாங்கியிருந்தார்கள்.

"ஏனுங்க டீச்சர், நல்லாத்தானுங்க வாசிக்கிறாங்க?"

"டீச்சரம்மாவுக்குக் காலையில இருந்து தலவலி சார்," என்றார் அருள்நாதன்.

"எனக்கு ஒரு தலவலியும் இல்ல."

வகுப்பு முழுக்கப் பச்சை விழுந்தால் கடைசி மணி நேரத்தில் நடக்கும் வாசிப்புப் பயிற்சியை நிறுத்திவிடுவார்கள். வாசிக்கத் தெரிந்த பிள்ளைகளுக்குப் பயிற்சி எதற்கு என்று மேலே ஒரு நியாயம் வைத்திருக்கிறார்கள்.

கனகாவையும் ஒரு காலத்தில் இப்படித்தான் 'சரளமாக வாசிக்கிறாள்' என்று எழுதி எழுதி மேல் வகுப்புக்குத் தள்ளினார்கள். ஏழாம் வகுப்பில் புதிதாக வந்த டீச்சர் ஒரு செய்தித்தாளை நீட்டியபோது, "தி... தி..." என்று 'திண்டுக்கல்' என்ற முதல் சொல்லிலேயே நின்றுவிட்டாள். அவள் வீட்டில் பட்டம் வாங்கிய முதல் ஆள் அவள்தான். அந்த ஒரு சொல்லைத் தாண்டுவதற்குள் நாக்குத் தள்ளியது அவளுக்குத்தான் தெரியும்.

சிவப்புக் குறி விழுந்தால் வேறு கதை. முதலில் போவது கனகாவின் வேலை. தற்காலிக நியமனம். ஜூன் மாதம் கூப்பிடாமல் விட்டால் ஏன் என்று கேட்க நாதி இல்லை.

மதியழகன் புத்தகத்தைத் திருப்பினார். ரயில் படம் போட்ட பாடம் வந்தது.

"இங்க வா கண்ணு. இதை வாசி பார்க்கலாம்."

தமிழ்நிலா வந்தாள். இரட்டைச் சடையைப் பின்னால் தள்ளிவிட்டுக்கொண்டாள். ரயிலுக்குக் கீழே முதல் வரியில் விரலை வைத்தாள்.

"ஓர் ஊரில் ஓர் ஆடு இருந்தது. அது சந்தைக்குப் போனது."

அருள்நாதன் சன்னலுக்கு வெளியே புளியமரத்தைப் பார்க்க ஆரம்பித்தார்.

"வழியில் மழை பெய்தது. ஏலே முனியப்பா, டவுசர மேல இழு. ஆடு மரத்தடியில் நின்றது."

இரண்டாவது வரிசையில் முனியப்பன் சட்டென்று டவுசரை மேலே இழுத்துக்கொண்டான்.

கனகாவை நோட்டுத் திருத்த அனுப்பிவிட்டு அருள்நாதன் தானே உட்கார்ந்து வரிக்கு வரி சொல்லிக்கொடுத்த பாடம் அது. அவர் வாயிலிருந்து விழுந்த எதையும் பிள்ளைகள் வீணாக்கவில்லை.

"மழை விட்டது. ஹலோ ஜோஸ்பின், செத்த இரு, கிளாஸ்ல இருக்கேன். வெஞ்சனத்துக்கு வாழக்கா வாங்கியாறேன். ஆடு மகிழ்ச்சியாக நடந்தது."

குரலில் ஒரு தடுமாற்றம் இல்லை. முற்றுப்புள்ளி வந்த இடங்களில் அழகாக நிறுத்தி மூச்சு வாங்கினாள். விரல் ரயிலின் கடைசிப் பெட்டியைத் தாண்டிப் பக்க எண்ணில் வந்து நின்றது.

மதியழகன் புத்தகத்தை வாங்கினார். மேலிருந்து கீழே பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தார்.

"ஏனுங்க எச்.எம். சார், இந்த வாழைக்காய் எந்த வரியிலீங்க இருக்குது?"

வகுப்பே கொல்லென்று சிரித்தது. தன்னைத்தான் பாராட்டுகிறார்கள் என்று நினைத்துத் தமிழ்நிலாவும் சிரித்தாள். கனகாவுக்கு அந்தச் சிரிப்பைப் பார்க்கத்தான் முடியவில்லை.

மதியழகனின் விரல் சிவப்புக் குறிக்கு மேலே வந்து நின்றது.

"மூணாம் வகுப்பு யாருங்க எடுக்கிறது? பேரு போடோணும்."

கனகா வாயைத் திறப்பதற்குள் அருள்நாதன் முன்னால் வந்துவிட்டார்.

"நான்தான் சார். டீச்சரம்மா சும்மா ஒத்தாசைக்கு வந்த பிள்ள. எதுன்னாலும் என் பேருல போட்டுக்கங்க."

ஓய்வு பெறப் போகிற மனிதர். வேர்த்து வழிந்தபடி பொய் சொல்லிக்கொண்டிருந்தார். பத்து நாளாக அவர் கெஞ்சியது யாருடைய வேலைக்காக என்று கனகாவுக்கு அப்போதுதான் உறைத்தது.

அதற்காக விட்டுவிட முடியுமா?

"பொய் சார். என் வகுப்பு. என் பேருலயே சிவப்பப் போடுங்க."

"போதும் தாயி," என்று முனகினார் அருள்நாதன். "உனக்குப் புண்ணியமாப் போகட்டும்."

"போதாது சார்." கனகா அதிகாரியைப் பார்த்துத்தான் சொன்னாள். "இங்க உட்கார்ந்திருக்கிறவங்கதான் இந்த வகுப்புலயே நல்லா வாசிக்கிற பிள்ளைக. மத்தவங்களுக்குக் கேரம்போர்டு குடுத்துச் சத்துணவுக் கூடத்துல உட்கார வச்சிருக்காரு. கூட்டிட்டு வாரேன்."

வாசலில் கிடந்த செருப்பை மாட்டக்கூட நிற்காமல் வெயிலில் இறங்கி நடந்தாள்.